ஐந்து நிலுவை மாத்திரைகள்

ராதாபுரம் தாலுகா அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். என் மேசையில் நிலுவைக் கோப்பு ஒன்றுகூட இருக்காது. அந்தப் பெருமைதான், ஓய்வுபெற்ற பிறகு, என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தது.

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் புராஸ்டேட் சுரப்பி மேல் சந்தேகம் வந்து, பாளையங்கோட்டையில் ஆசனவாய் வழியாக ஊசி செலுத்திச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். புற்று இல்லை என்று பிறகு முடிவு வந்துவிட்டது, தைரியமாகப் படிக்கலாம். இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க, நான் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவன். அதை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.

"நாங்க சொன்ன பொறவு ஆரம்பிச்சாப் போதும்" என்று டாக்டர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால், அட்டையில் ஐந்து மாத்திரைகள் தின்னப்படாமல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி அடுக்களையில் இருந்த நேரமாகப் பார்த்து ஐந்தையும் ஒரே மடக்கில் விழுங்கி நிலுவையைத் தீர்த்தேன்.

மறுநாள் காலை கழிப்பறையில் உட்கார்ந்ததும் குழாயைத் திறந்தது போல ரத்தம். கட்டி கட்டியாக வேறு. ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும், வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி என்னைத் தூக்கி நிறுத்தி, பழைய சேலை ஒன்றை மடித்து வேட்டிக்குள் வைத்துக் கட்டினாள்.

"அண்ணாச்சி, பைய ஏறுங்க. கண்ண மட்டும் மூடிராதீங்க" என்றார் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்.

வண்ணார்பேட்டை நெரிசலில் ஆட்டோ நின்று நின்று போனது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தாள். குறுக்கே வந்த பஸ்காரரைத் திட்டவும் செய்தாள். இரண்டும் ஒரே மூச்சில். செத்துப்போவேன் என்று நிஜமாகவே பயந்தேன். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு, "மாத்திர ஏதும் போட்டீங்களா?" என்றார். சொன்னேன். அவர் பேனா அப்படியே நின்றது.

"ஆபீஸ்ல பாக்கி வைக்கல, சரி. மாத்திரையிலயுமா?" என்றாள் மனைவி. வேலியில் போன ஓணானைப் பிடித்து நானே வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

டாக்டர் விரலால் அழுத்தினார், துணி வைத்து அழுத்தினார். நிற்கவில்லை. கடைசியில், நுனியில் பலூன் உள்ள ரப்பர் குழாயை உள்ளே விட்டு, நீர் நிரப்பி, ரத்தம் வரும் இடத்தில் அழுந்தும்படி இழுத்துக் கட்டினார். அறுபத்துமூன்று வயதில் எனக்குப் பலூன். கூடவே ஒரு பாட்டில் ரத்தமும் ஏற்றினார்கள்.

"பலூன நாளைக்கு எடுத்திருவோம். வெளிக்குப் போகும்போது பழைய ரத்தம் கருப்பா வந்தாப் பரவாயில்ல. புதுசா செவப்பா வந்தா ஆபரேஷன்தான்" என்றார்.

மறுநாள் பலூனை எடுத்த பிறகு, சாயங்காலம் வயிறு கலக்கியது. எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. வார்டு கழிப்பறையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் என் முன்னால் கொட்டாவிகூட விட்டறியாதவள், செல்போன் வெளிச்சம் அடித்துக் குனிந்து பார்த்தாள்.

"செவப்பா இருக்கா?" என்றேன்.

"பொறுங்க, பாக்கேன்."

அப்புறம் வார்டே கேட்கும்படி கத்தினாள்: "செவப்பே இல்ல! கொஞ்சம் கருப்பு, மத்ததெல்லாம் நல்ல மஞ்சள்!"

வெளியே யாரோ சிரித்தார்கள். நர்ஸ் கைதட்டினாள். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. பார்க்க வந்திருந்த ஆட்டோக்காரர் வார்டு வாசலிலிருந்து கும்பிடு போட்டார்.

மனைவி கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "தம்பி, எனக்கு நாலு இட்லி வாங்கிட்டு வாங்க. பசிக்கு."

"இந்தா வாரேன் மைனி" என்று ஆட்டோக்காரர் ஓடினார்.

"மத்தியானம் சாப்பிடலையா?" என்றேன்.

"நேத்துலருந்து ஒண்ணும் எறங்கல."

நாலு இட்லியையும் அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றாள். போதாமல் இன்னும் இரண்டு கேட்டாள். நான் அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.