மாவுக்கட்டுப் போட்ட ஆறு வாரம்

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரி வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டபோது, எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். ஜெபம் பண்ணாமல் வாசலைத் தாண்டாதவள் நான்.

நாங்கள் இருவரும் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். பக்கத்தில் ஜூஜுவாடியில் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த வாசல். போன வருஷம், அம்மா செத்துப்போன செய்தி கேட்டு அழுத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு டீ இடைவேளையில் ஜெபம் பண்ணினேன். மதம் மாத்தப் பாக்கிறா என்று ஹெச்.ஆரிடம் போய்ச் சொன்னது இவள். உட்கார்ந்து பாகங்களைச் சோதிக்கிற மேசையிலிருந்து என்னை எடுத்து, எட்டு மணி நேரமும் நிற்க வேண்டிய மெஷினில் போட்டார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் பாதம் முழுக்க வார் தடம் பதிந்திருக்கும்.

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். புனே பக்கம் போனால் வர பத்து நாள் ஆகும்; வந்தாலும் ஒரு ராத்திரிதான் தங்குவார். பிள்ளைகள் இல்லை. விழுந்த மூன்றாம் நாள் காலை, குழாயடியில் இடது கையால் பக்கெட்டைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடி சிக்குப் பிடித்து முதுகில் கிடந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி என் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

"குடு இங்க."

பக்கெட்டை விட்டாள்.

அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் பிடித்து வைப்பது, என் அடுப்பில் வைக்கிற சோற்றையும் குழம்பையும் அவளுக்கும் சேர்த்து வைப்பது, கடைசியாகத் தலை வாரிவிடுவது. எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பது இருவருக்கும் வசதியாக இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் திரும்பாமலே கேட்டாள். அவள் வீட்டில் பேசுவது கன்னடம்; எங்களோடு பேசும்போது தமிழ் கொஞ்சம் இழுத்து வரும்.

"எதுக்குக்கா இதெல்லாம் பண்றே? என்னையும் உங்க சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கா?"

எனக்கு அசதிதான் வந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. தலைய நேரா வை."

பின்னி முடித்ததும், "கண்ணாடியில பொட்டு ஒட்டியிருக்கு. இந்தக் கையால வெச்சா கோணலாப் போகுது" என்றாள். நான் பொட்டு வைத்ததில்லை. என் பிறந்த வீட்டிலும் யாரும் வைத்ததில்லை. அதை விரல் நுனியில் எடுத்து, அவள் முகத்தை நிமிர்த்தி, புருவத்துக்கு நடுவில் ஒட்டினேன். சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் சர்ச் பேச்சை எடுக்கவில்லை.

நான் பெரிய மனசுக்காரி இல்லை. நான்காவது வாரம் ஓவர்டைம் அதிகம். ஒருநாள் காலை, இடுப்பு விண்ணென்று தெறிக்க நான் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, "நேத்து குழம்புல உப்பே இல்லக்கா" என்றாள். சீப்பை வெடுக்கென்று இழுத்தேன். ஐயோ என்று கத்தினாள்.

"யாரால நான் நாள் பூரா நிக்கிறேன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, பாதிப் பின்னலில் விட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அன்று மெஷின் முன்னால் கால் வலியைவிட அந்தச் சத்தம்தான் தொந்தரவாக இருந்தது. சாயங்காலம் வந்தபோது அதே பாதிப் பின்னலோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். முதல் தடவையாக அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"வேணும்னேதான் இழுத்தேன். தப்புதான். மன்னிச்சிரு."

கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன்னை மேசையில இருந்து எடுப்பாங்கன்னு நான் நினைக்கலக்கா. கூப்ட்டுத் திட்டுவாங்கன்னுதான் நினைச்சேன்."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?"

யோசித்தாள். "அப்பவும் சொல்லியிருப்பேன். அன்னிக்கு உன்மேல அவ்ளோ கோவம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்தாள். மீதிப் பின்னலை முடித்தேன்.

ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். வேலைக்கு வந்த முதல் நாளே ஹெச்.ஆரிடம் போய், தான் சொன்னது தப்பு என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை. அந்த மேசைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது, பார்க்கலாம் என்றார்களாம். இன்னும் பார்க்கிறார்கள். நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

எப்படியோ விஷயம் தெரிந்து, எங்கள் போதகர், சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து இதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். முடியாது என்றேன். நல்லா வேணும் என்று நினைத்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சாட்சி. அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அவள், குளித்த ஈரத்தலையோடு.

"அக்கா, மணி ஒன்பதாகுது. சர்ச்சுக்குப் போகலையா?"

"முடியல. கால் வலிக்குது."

"போய்ட்டு வந்து படுத்துக்க. சோறு நான் ஆக்கறேன்."

எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனேன். லேட்டாகத்தான் போய்ச் சேர்ந்தேன். பிரசங்கம் முழுக்கத் தூங்கினேன்.