கல்பாக்கத்தில் அண்ணி கை நனைத்தாள்

என் அண்ணி பாக்கியலட்சுமி ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் வாழைப்பழம் விற்கிறவள். நாலு சீப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் நகருகிறவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டு, இந்தப் பழம் உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை சாமி என்று கன்னடத்தில் சொல்லி அனுப்புவாள். போனவர் ரோஷப்பட்டுத் திரும்பி வந்து வாங்குவார். இந்த வாய் மட்டும் இல்லையென்றால், ராமாபுரம் கிராமத்திலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் அந்த மார்க்கெட்டில் ஒரு வாரம்கூட நின்றிருக்க முடியாது. நாத்தனாரான எனக்கும் அவளுக்கும் பேச்சே இல்லாத மாதங்களும் உண்டு. அதற்காக உள்ளதைச் சொல்லாமல் இருப்பேனா?

அவள் மகள் மனிஷா மெக்கானிகல் டிப்ளமோ முடித்தாள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பயிற்சி வேலை கிடைத்தது. வேறு வீடாக இருந்தால் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்திருப்பார்கள். இங்கே என் அண்ணன் பாலன், ஊரில் பாதி வீட்டைக் கட்டிய மேஸ்திரி, வேண்டவே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டான். பக்கத்துக் கடை எலுமிச்சம்பழ லிங்கப்பன் ஓதி வைத்த வேலை. "அணு கெலசனா? அந்தக் காத்து பட்டால் மக்களாகல்ல" என்று சொல்லியிருக்கிறான். அணு வேலைக்குப் போனால் பிள்ளை பிறக்காதாம். இவன் பெரிய விஞ்ஞானி!

"கட்டிக்க எவன் வருவான்? நான் அனுப்ப மாட்டேன்" என்றான் அண்ணன்.

"ஏனுங்க, பாக்காமயே வேண்டாங்கறீங்களே, இது நல்லா இருக்குதா?" என்றாள் அண்ணி. "மாப்பிள்ளை வீடு பாக்கப் போறதில்லையா? அந்த மாதிரி போய்ப் பாத்துட்டு வருவோம். புடிக்கலைன்னா நானே அவளை அனுப்பலை."

அண்ணன் அதையே பிடித்துக்கொண்டான். "சரி. வீடு பாக்கற மாதிரின்னா மொறையும் அதே மொறைதான். நான் ஒத்துக்கற வரைக்கும் அங்க யாரும் கை நனைக்கப்படாது."

எங்கள் பக்கத்தில் அது கண்டிப்பான வழக்கம். பெண் கொடுப்பதென்று முடிவாகும் வரை அந்த வீட்டில் சாப்பாடு என்ன, தண்ணீர்கூட வாங்க மாட்டோம். வாங்கிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறினால் மானம் போய்விடும்.

"அப்பா, அது பவர் பிளான்ட்ப்பா. சம்பந்தி வீடல்ல" என்றாள் மனிஷா. அவள் தமிழில் பாதி கன்னடம்தான்; இந்த ‘அல்ல’கூட அங்கிருந்து வந்ததுதான்.

"நீ சும்மா இரு" என்று இருவருமே அவளை அடக்கினார்கள்.

போய்ப் பார்க்க மனிஷாவே அனுமதி வாங்கினாள். என்னையும் இழுத்துக்கொண்டார்கள். சண்டை வந்தால் குறுக்கே நிற்க ஆள் வேண்டுமே. சென்னைக்கு ரயில், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் பஸ். வாசலில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டி உள்ளே விட்டார்கள்.

எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்தவர் பிரதிபா என்ற இன்ஜினியர். உட்காரும் முன்பே தட்டில் தண்ணீரும் டீயும் பிஸ்கட்டும் வந்தன. நாங்கள் நால்வரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஆனி மாத வெயில் வேறு. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"எடுத்துக்கோங்க சார், சங்கோஜப்படாதீங்க."

"இருக்கட்டுங்க, பொறவு பாத்துக்கலாம்" என்றான் அண்ணன், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

தூரத்தில் நின்ற குவிந்த கட்டடத்தைக் காட்டி, வெளிநாட்டார் வராமல் நம் ஆட்களே வடிவமைத்துக் கட்டிய முதல் அணுமின் நிலையம் இதுதான் என்றார் பிரதிபா. அண்ணன் ஜன்னலோரம் போய் நின்று அதையே பார்த்தான். "அந்த வளைவுக்கு சென்ட்ரிங் பலகை எப்படி அடிச்சிருப்பான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். அண்ணி என் தொடையைக் கிள்ளினாள். சரி, மனிதர் இளகுகிறார் என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் பிரதிபா கதிர்வீச்சைப் பற்றி ஆரம்பித்தார். மண்ணில் இருக்கிறது, வெயிலோடு வானத்திலிருந்து வருகிறது, அளவுதான் முக்கியம் என்றெல்லாம் சொன்னவர், "நாம சாப்பிடற வாழைப்பழத்துலகூட கொஞ்சம் இருக்கு" என்று முடித்தார்.

போச்சுடா என்று நினைத்தேன்.

"எந்தக் கடை வாழைப்பழத்துலீங்கோ?" என்று எழுந்தாள் அண்ணி.

"எல்லாப் பழத்துலயும்தான் மேடம். அது இயற்கையாவே..."

"என்னம்மா பேசறீங்கோ! என் கடைப் பழத்தை நஞ்சன்கூடு கோயிலுக்கு வாங்கிட்டுப் போறாங்கோ. பால்குடி மறக்கற குழந்தைக்கு வாங்கிட்டுப் போறாங்கோ. இதோ இவ, விக்காம நின்ன பழத்தைத் தின்னு தின்னே வளந்தவ. இவளுக்கு என்ன குறைச்சல்?"

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன். ஒண்ணும் ஆகாது."

அண்ணி சட்டென்று நிறுத்தினாள். பிறகு கோபமெல்லாம் அண்ணன் பக்கம் திரும்பியது. "கேட்டீங்களா? லிங்கப்பன் பேச்சைக் கேட்டுட்டு வீட்டையே ரெண்டாக்குனீங்களே! அவனும்தான் தெனமும் என்கிட்ட ஓசிப்பழம் வாங்கித் திங்கறான். அவனுக்கு நாலு புள்ளைங்க!"

கத்தின கத்தலில் தொண்டை அடைத்து இருமல் வந்துவிட்டது. டம்ளரை எடுத்தாள். மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டு டொக்கென்று வைத்தாள்.

தப்பித் தவறிக் குடித்தாளா, வேண்டுமென்றே குடித்தாளா? இன்றுவரை கேட்டால் இருமல் என்றுதான் சொல்கிறாள். நான் நம்பவில்லை.

"கையை நனைச்சிட்டயே, புள்ள" என்றான் அண்ணன். விஷயம் புரியாமல் முழித்த பிரதிபாவிடம் நான்தான் வழக்கத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அண்ணன் நாற்காலியைப் பிரதிபா பக்கம் இழுத்துப் போட்டான். பிறகு, "உங்களுக்குக் குழந்தைங்க இருக்குதாம்மா?" என்று கேட்டான்.

"ரெண்டு பேர் சார். நான் இங்க வேலைக்குச் சேர்ந்த அப்புறம்தான் பிறந்தாங்க. இங்க ஸ்டாஃப் டவுன்ஷிப் ஸ்கூல்ல படிக்கறாங்க."

"அந்த ஸ்கூலைப் பாக்கலாங்களா?"

பிரதிபாவே அழைத்துப் போனார். நாங்கள் போகவும் பள்ளி விடவும் சரியாக இருந்தது. கேட் திறந்ததும் பிள்ளைகள் தபதபவென்று ஓடி வந்தார்கள். முட்டியில் சிராய்ப்பு, சட்டையில் மை, கண்டபடி கூச்சல். ஒரு பெண் குழந்தை அண்ணன் காலை மிதித்துவிட்டு, சாரி அங்கிள் என்று கத்திக்கொண்டே ஓடியது. கடைசிப் பிள்ளை போகும் வரைக்கும் அவன் அங்கேயே நின்றான்.

"எப்ப வந்து சேரணும், கண்ணு?" என்று மனிஷாவிடம் கேட்டான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அடுத்த திங்கக்கெழமைப்பா. வர்றேன்னு போன வாரமே இங்க ஆபீசுக்குச் சொல்லிட்டேன்."

அண்ணிதான் பொங்கினாள். மகள் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். "அடிப்பாவி! என்கிட்டக்கூடச் சொல்லலை! அப்பொறம் எதுக்குடி நான் நாயா பேயா இவர்கூடச் சண்டை போட்டேன்?"

"போன வாரம் நீ வீட்டுக்குள்ள அப்பாகூடச் சண்டை போட்டுட்டு இருந்தல்லம்மா, அப்போதான் மாடியில நின்னு போன் பண்ணேன்" என்றாள் மனிஷா. "பயமாத்தான் இருந்துச்சு. நீ கத்தறது மேல வரைக்கும் கேட்டுச்சு. அதைக் கேட்டுட்டேதான் சொன்னேன்."

மார்க்கெட்டில் யாருக்கும் கண்ணில் தண்ணீர் காட்டாத அண்ணி, அந்தப் பள்ளிக்கூட வாசலில் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு தேம்பினாள். எனக்கும் அழுகை வந்தது. வந்தால் அழ வேண்டியதுதானே, எனக்கென்ன வெட்கம்.

அண்ணன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பிரதிபா பக்கம் திரும்பினான்.

"இவ தங்கற ஹாஸ்டல் எங்கீங்க இருக்குது? கதவு, தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி எல்லாம் நான் ஒருதரம் ஆட்டிப் பாக்கணும்."