ஒழுகட்டும், பார்த்துக்கலாம்

காலியான வாடகை வீட்டை அடுத்தவர் குடிவருமுன் சரிசெய்து கொடுப்பது என் தொழில்; இதில் சிமெண்டைவிட வாய்தான் அதிகம் செலவாகும். வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் சேர்ந்தே தலையாட்டுவீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

தடுப்பூசி

நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணைக்காரருக்கு மாடியும் கீழுமாக இரண்டு வீடு. மாடி வீடு காலியானபோது மொட்டைமாடித் தளத்தில் விரிசலைப் பார்த்தேன். "மழைக்கு முன்னாடியே அடைச்சிரலாமுங்க" என்றேன்.

"ஒழுகட்டும், பார்த்துக்கலாம்" என்றார்.

"கோழிக்கு மட்டும் சீக்கு வர்றதுக்கு முன்னாடியே ஊசி போடறீங்களே?"

அவர் சிரிக்கக்கூட இல்லை. "கோழி என்னோட பொறுப்புங்க. ஒழுகுனா வாளி வெக்கிறது குடியிருக்கறவங்க பொறுப்புங்க!"

நல்ல குழாய்

அடுத்து பரமத்தி வேலூரில் ஒரு வீடு. உரிமையாளர் என் பேச்சைத் தட்டாதவர். பழைய குழாய், எப்படியும் ஒருநாள் மக்கர் பண்ணும் என்று சமையலறைக் குழாயை மாற்றச் சொன்னேன். பிளம்பர் முருகேசன் ஸ்பேனர் வைத்துத் திருகினார். குழாய் கழன்று வரவில்லை. சுவருக்குள் இருந்த பைப் முறிந்து தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியது. அடைக்க ஓடினால், மாடித் தொட்டி வால்வு துருப்பிடித்து அசையவே இல்லை.

தொட்டி காலியாகும்வரை இருவரும் மாறிமாறிக் கையால் பொத்திக்கொண்டு நின்றோம். நனைந்த மீசையைத் துடைத்தபடி முருகேசன் சொன்னார்: "ஏனுங்கக்கா, நாம வராம இருந்திருந்தா இந்த ஊடு நல்லா இருந்திருக்குமுங்க."

தொட்டில் கொக்கி

ஐப்பசி மழையில் பண்ணைக்காரரின் மாடி வீட்டில் கூரைப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் செய்பவரின் குடும்பம் அங்கே குடிவந்திருந்தது. அவர் மனைவி செல்வி, கூரையில் ஈரம் கண்டு அன்று காலையில்தான் குழந்தையின் தொட்டிலை முன்னறைக்கு மாற்றியிருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது, தொட்டில் தொங்கிய பழைய கொக்கிக்கு நேர் கீழே காரைத்துண்டுகள் கிடந்தன.

பண்ணைக்காரரும் வந்தார். அண்ணாந்து கொக்கியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னிடம், "தளம் பூராத்தையும் செஞ்சிருங்க. கீழ் ஊட்டையும் பாத்திருங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செல்வி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் காதருகே வந்தாள். "அவரு மனசுல ஈரம் காயறதுக்குள்ள வேலைய ஆரம்பிச்சிருங்கக்கா!"

வீட்டு வேலையைக் கெடுமுன் செய்வதா, கெட்டபின் செய்வதா என்று கேட்பவர்களுக்கு, வீட்டுக்காரர் 'சரி' என்று சொன்ன அந்த நிமிஷமே செய்துவிடுங்கள் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்த தொழில்நுட்பம்.