செட்டரைத் தேடிப் பழவேற்காடு போன நாள்

பழவேற்காட்டுக்கு எப்படிப் போவது, அங்கே என்ன பார்க்கலாம் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற சிலர் கேட்டிருந்தீர்கள். நான் அங்கே பலமுறை போயிருக்கிறேன். ஆனால் பூநாரை பார்க்கவோ டச்சுக்காரர்களின் கல்லறை பார்க்கவோ போனவள் இல்லை. சில வருடங்களுக்கு முன், பொங்கல் விடுமுறை முடிந்த வியாழக்கிழமை, காணாமல் போன என் செட்டரைத் தேடிப் போனேன். வழி, செலவு, நேரம் எல்லாம் இதிலேயே வரும். நடுவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

வடசென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் வாலிபால் அணிக்கு நான்தான் தலைமைப் பயிற்சியாளர். வேலைக்குச் சேர்ந்தபோது அணி என்று சொல்ல நாலு பெண்கள்கூட இல்லை. பந்து ஒன்று இருந்தது, அதிலும் காற்று நிற்காது. ஆள் எங்கே பிடிப்பது என்று யோசித்தபோது கடற்கரைக் குப்பங்கள் நினைவுக்கு வந்தன. காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை எந்தக் குப்பத்துக்குப் போனாலும் சாயங்காலம் பையன்கள் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, பழைய மீன்வலையைக் கட்டி வாலிபால் ஆடிக்கொண்டிருப்பார்கள். வெளியே போகும் பந்தை எடுத்துப் போடுவது தங்கச்சிகள். அந்தத் தங்கச்சிகளை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்ததுதான் என் அணி.

ரேவதி பசியாவரத்துப் பெண். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவுக் கிராமம் அது. அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள்தான் செட்டர். அந்த இடத்துக்கு அவளைப் போல ஒருத்தி எனக்குக் கிடைத்ததில்லை. எங்கள் கேப்டன் ஜாஸ்மின் காசிமேட்டுக்காரி, பந்தை அடித்தால் தரை அதிரும். இந்த இருவருக்கும்தான் பேச்சே இல்லை. மார்கழியில் ஒரு போட்டியில் தோற்றதும் எல்லோர் முன்னாலும் ஜாஸ்மின் கத்தினாள்: “இவ வேணும்னே எனக்கு பந்து குடுக்கல.” அன்றிலிருந்து அணி இரண்டாகப் பிரிந்துவிட்டது. சாப்பிடுவதுகூடத் தனித்தனி மேசையில்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன ரேவதி புதன்கிழமை காலை திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. போன் போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல்கலைக்கழகப் போட்டிக்கு ரயில். இனி விளையாட வரமாட்டாளோ, வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்களோ என்று பயந்து புதன் முழுக்க அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலையில் ஜாஸ்மினைக் கூப்பிட்டு, “நீயும் வா, நேர்ல பேசு” என்றேன். மறுக்காமல் வந்தாள்.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து காலை 7.20-க்குப் புறநகர் ரயில். பொன்னேரி வரை பத்து ரூபாய், ஒரு மணி நேரம். நிலையத்துக்கு வெளியே வந்து பஸ் பிடித்தால் பழவேற்காடு பதினெட்டு, பத்தொன்பது கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். முக்கால் மணி நேரம் என்பார்கள், எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஜாஸ்மின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். என்ன என்று கேட்டேன். “சாரி எப்டி சொல்றதுனு பாக்கறேன் மேடம்” என்றாள்.

இறங்கியதும் டச்சுக் கல்லறையைத் தாண்டித்தான் போக வேண்டும். நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும். இந்தக் கரையிலிருந்து துணியும் அடிமைகளாக ஆட்களும் ஏற்றி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் முந்நூறு சொச்சம் வருடங்களாக அங்கே படுத்திருக்கிறார்கள். கப்பலில் வந்து ஊர் திரும்பாதவர்கள். வேறொரு நாள் என்றால் நின்று பார்த்திருப்பேன். அன்று அந்த எலும்புக்கூடுகளைப் பார்க்கவே பிடிக்காமல் வேகமாக நடந்தேன். காற்று வேறு மணலை வாரி முகத்தில் அடித்தது.

அப்போது பசியாவரத்துக்குப் பாலம் கிடையாது. படகுதான், ஆளுக்குப் பத்து ரூபாய். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “யார் ஊட்டுக்கு?” என்று கேட்டார்.

“ரேவதி வீட்டுக்கு. காலேஜ்ல வாலிபால் ஆடுற பொண்ணு. நான் அவ டீச்சர்.”

அவர் கை நின்றுவிட்டது. “சேதி தெரிஞ்சு வந்தீங்களா டீச்சரம்மா, தெரியாம வந்தீங்களா?”

“என்ன சேதி?”

“அவங்க நைனாவும் சித்தப்பாவும் நேத்து விடிகாலைல கடலுக்குப் போனாங்க. மத்தியானம் கரை வந்திருக்கணும். இன்னும் காணோம்.”

ஏரியைக் கடந்த அந்தக் கால் மணி நேரமும் ஜாஸ்மின் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடற்கரையில் பிறந்தவளுக்கு அந்தச் சேதியை விளக்க வேண்டியதில்லை.

கரையில் ஊரே நின்றது. முகத்துவாரத்தைப் பார்த்தபடி மணலில் ரேவதியும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “மேடம், போட்டிக்கு வர முடியாது மேடம்” என்றாள். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். போன் ஏன் போகவில்லை என்று பிறகுதான் புரிந்தது. அவள் அப்பாவின் போன் கெட்டுப்போயிருந்ததால் தன்னுடையதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்; மத்தியானம் அவர் கரை வந்ததும் அதை வாங்கிக்கொண்டு கிளம்புவதாக இருந்திருக்கிறாள். முந்தின நாள் முழுக்க, கோபத்தோடும் பயத்தோடும் நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கடலில் இருந்த ஒரு போனை.

ஜாஸ்மின் ரேவதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. ரேவதியும் திரும்பிப் பார்க்கவில்லை, நகர்ந்தும் போகவில்லை.

ஊர்க்காரர் ஒருவர் நிலைமையைச் சொன்னார். வாடைக்காற்று, அதாவது வடக்கிலிருந்து வீசுவது, நேற்று காலையிலேயே வலுத்துவிட்டது. மற்ற படகுகள் திரும்பிவிட்டன. “இஞ்சின் நின்னுருக்கும். நின்னா தண்ணி தெக்கதான் இழுக்கும். நம்ம போட்டுங்க காட்டுப்பள்ளி தாண்டி கொஞ்ச தூரம் பாத்துட்டு டீசல் தீந்து திரும்பிடுச்சி. போலீஸ்ல சொல்லியாச்சு, தெக்க இருக்கிற குப்பத்துக்கெல்லாம் சேதி போயிருக்கு. இந்தக் காத்துல யார் எறங்குவாங்க, சொல்லுங்க.”

ஜாஸ்மின் தலையைத் தூக்கினாள். “காட்டுப்பள்ளிக்குத் தெக்கனா எண்ணூர் தானே? அங்க நம்ம ஷோபனா கீறா மேடம். தாழங்குப்பத்துல ஒருத்தி கீறா. காசிமேட்டுல எங்கப்பா.”

கரையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் மேல் ஏறி நின்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். ஷோபனா, ரேவதியின் பக்கம் சேர்ந்தவள். ஜாஸ்மினோடு ஒரு மாதமாகப் பேசாதவள். சாயங்காலப் பயிற்சி வரை வீட்டில் இருந்தவள், முதல் மணியிலேயே எடுத்தாள். ஸ்பீக்கரில் அவள் அப்பாவின் குரலும் கேட்டது. “காத்து இன்னானு அடிக்குது பாத்தியா? காலைலயே சேதி வந்துச்சும்மா. யாரும் போகல.”

“நைனா,” என்றாள் ஷோபனா, “அது ரேவதியோட நைனா.”

அவர், “டீசல் கேனை எட்த்துனு வா” என்று யாரிடமோ சொன்னார்.

பதினொன்றரை மணிக்குள் மூன்று படகுகள் இறங்கிவிட்டன: எண்ணூரிலிருந்து ஒன்று, தாழங்குப்பத்திலிருந்து ஒன்று, காசிமேட்டிலிருந்து ஜாஸ்மினின் அப்பா. கரையில் நின்றவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ போன படகுகளை எண்ணத்தான் தோன்றியது. ஒரு அப்பாவைக் காணவில்லை என்று தேடப்போய் இன்னும் மூன்று அப்பாக்களைக் கடலுக்கு அனுப்பியாயிற்று. இந்தப் பெண்களை ஒருவரோடொருவர் கட்டிப்போட்டதே நான்தான். அதில் யாருக்காவது ஏதாவது ஆனால் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன்?

ஜாஸ்மினைத் தனியே கூப்பிட்டேன். “அப்பாவுக்குப் போன் போட்டுத் திரும்பச் சொல்லு.”

“போன் போகல மேடம். போனாலும் கேக்க மாட்டாரு. நானும் சொல்ல மாட்டேன்.” அவள் குரல் தடித்திருந்தது. பயத்தில் என்று எனக்குத் தெரியும். விளையாட்டிலும் அவள் அப்படித்தான், பயந்தால் கத்துவாள். மார்கழியில் கத்தியதும் அதே குரல்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யாரோ சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் சாப்பிடவில்லை. ஏரியில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் நின்றிருந்தன என்று உடன் வந்த படகுக்காரர் பின்னால் ஒருமுறை சொன்னார். நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. கடலை மட்டும் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அலை முகடும் ஒரு படகு போலத் தெரிந்தது.

மூன்று மணி தாண்டி ஜாஸ்மினின் போன் அடித்தது. ஷோபனா அழுதுகொண்டே பேசியதால் முதல் வார்த்தைகள் புரியவில்லை. ரேவதியின் அம்மா அந்த அழுகையைக் கேட்டுவிட்டு மணலில் சரிந்தார். ஜாஸ்மின் கத்தினாள்: “அய்யோ, கெடச்சிட்டாங்களாம்! ரெண்டு பேரும் உயிரோட கீறாங்க!”

எண்ணூருக்கு நேர் கிழக்கே, இஞ்சின் செத்து, நங்கூரக் கயிறும் அறுந்து மிதந்துகொண்டிருந்த படகை ஷோபனாவின் அப்பா கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்திருந்தார்.

ரேவதியையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஏரியைக் கடந்து, பழவேற்காட்டில் ஆட்டோ பிடித்தோம். எண்ணூருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், எண்ணூறு ரூபாய். “மீஞ்சூர் சுத்த வேணாம், காட்டூர் வழியா போலாம்” என்றார் ஓட்டுநர். காட்டூர் வயல்களில் அறுவடை முடிந்திருந்தது. நடுவில் அவர் டீக்கு நிறுத்தினார். அப்போதுதான் ரேவதியின் அம்மா அழுவதைக் கண்ணாடியில் பார்த்து விஷயத்தைக் கேட்டார். டீயை அப்படியே கீழே ஊற்றிவிட்டு ஏறினார். “மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?” என்றார் என்னைப் பார்த்து.

எண்ணூர்க் கரையில் ரேவதியின் அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். கயிறு இழுத்து இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. சித்தப்பா சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். “நைனா” என்று ரேவதி அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர், “போனு தண்ணில போச்சும்மா” என்றார். அதற்குத்தான் அவள் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

நான் மூச்சுவிட்டேன் என்று எழுத ஆசை. தாழங்குப்பத்துப் படகு வந்துவிட்டது. ஜாஸ்மினின் அப்பா வரவில்லை, காசிமேட்டுக்கும் திரும்பவில்லை. ஆள் கிடைத்த சேதி அவருக்கு எட்டியதா என்றும் தெரியவில்லை. ஐந்து மணி ஆயிற்று. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. ஜாஸ்மின் முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

கட்டிலருகே இருந்த ரேவதி எழுந்தாள். அப்பாவின் கையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, மணலில் நடந்து, தண்ணீரில் இறங்கி ஜாஸ்மினுக்குப் பக்கத்தில் நின்றாள். ஷோபனாவும் போனாள். மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு தெற்குப் பக்கம் பார்த்தபடி நின்றார்கள். அலை இழுக்கும்போதெல்லாம் ஒருத்தி சரிய, மற்ற இருவரும் இழுத்து நிறுத்தினார்கள். நாலு வருடம் நான் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுக்க முயன்ற ஒன்றை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்தப் படகு வராவிட்டால் என்ற ஒரு நினைப்புதான் இருந்தது.

ஆறு மணிக்குச் சற்று முன் வந்தார். இறங்கும்போதே, “இன்னா, கெடச்சாங்களா?” என்று கேட்டார். நல்லபடியாகக் கிடைத்த விஷயம் தெரியாமல் அந்த நேரம் வரை தேடியிருக்கிறார். ஜாஸ்மின் அவரை இரண்டு கையாலும் அடித்தாள்.

ரேவதியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மறுநாள் நாங்கள் ரயில் ஏறினோம். இரண்டாவது செட்டரை வைத்து அரையிறுதி வரை போய், ஐந்தாவது செட்டில் தோற்றோம். போட்டிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பயிற்சியை விட்டுவிட்டு எங்கே போனீர்கள் என்று கல்லூரியில் கேட்டார்கள். சொன்னேன். அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் கோப்பை எங்களுக்கு வந்தது. அதை வைத்து அணியை உருவாக்குவது எப்படி என்று பேசக் கூப்பிடுகிறார்கள். அந்த வியாழக்கிழமையையும் கோப்பையையும் நேர்க்கோடு போட்டு இணைக்க எனக்குத் தெரியவில்லை. ரேவதியும் ஜாஸ்மினும் அதன் பிறகும் சண்டை போட்டார்கள், ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்து.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி, தை மாதங்களில் போனால் பறவைகள் இருக்கும். காலை முதல் ரயிலிலேயே கிளம்புங்கள், பொன்னேரியிலிருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரிடும். உல்லாசப் படகுச் சவாரிக்கு அங்கே அனுமதி கிடையாது. யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். டச்சுக் கல்லறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்வெட்டுகளின் எழுத்துவேலை நன்றாக இருக்கும் என்று நிதானமாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சாயங்காலம் கரையில் வாலிபால் ஆடினால் தயங்காமல் கேளுங்கள், சேர்த்துக்கொள்வார்கள்.

ரேவதியின் அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். அந்த அணியில் இருந்த பெண்கள் எல்லோரும் இப்போது வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஜாஸ்மின் கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் பயிற்சியாளர். வடக்கே காற்று வலுக்கிறது என்று செய்தியில் சொன்னால் போதும், விடிந்ததும் அவளிடமிருந்து போன் வரும்.

“மேடம், அவங்க நைனா கரைல தானே கீறாரு?”