கண்ணைப் பொத்தும் சைகை

கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரிக்கு வேன் ஓட்டுகிறேன். படிப்பு பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவத்தோடு சரி. நாலு பேர் பார்க்கும் இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. அப்படிப்பட்டவனைக் கல்லூரிகளுக்கிடையிலான பூப்பந்துப் போட்டியில் கோட்டு நடுவராக உட்கார வைத்தார்கள். ஆள் போதவில்லையாம், அன்று காலையில்தான் சொன்னார்கள்.

பத்து நிமிடப் பாடம். பந்து உள்ளே விழுந்தால் கையைக் கோட்டை நோக்கி நீட்ட வேண்டும். வெளியே விழுந்தால் இரு கைகளையும் விரித்து "அவுட்" என்று கத்த வேண்டும். ஆட்டக்காரர் மறைத்து, பந்து விழுந்தது தெரியாமல் போனால் இரு கைகளாலும் கண்ணைப் பொத்திக் காட்ட வேண்டும்.

அரையிறுதியில் ஆடியவள் தினமும் என் வேனில் வரும் எங்கள் கல்லூரிப் பெண். எதிரில் செமினியிலிருந்து வந்த ஒரு பெண். காலையில் மண்டபத்துக்கு வழி கேட்டு என்னோடு நடந்து வந்தவள் அவள். இறுதிக்குப் போகும் இருவரையும் மாநில அணிக்கு எடுப்பார்கள் என்றாள். அவளுக்குக் கல்லூரியில் அதுதான் கடைசி வருடம்.

முதல் செட்டைச் செமினிப் பெண் ஜெயித்தாள். இரண்டாவதில் எங்கள் பெண் அடித்த பந்து ஒன்று கோட்டைத் தாண்டி விழுந்தது. கைகளை விரித்தேன். "அவுட்" பாதிதான் தொண்டையை விட்டு வந்தது. அவள் மட்டையைத் தரையில் வீசிவிட்டு வலையருகே வந்தாள்.

"எங்க பாக்குறீங்க அங்கிள்? வேன் ஓட்டுறப்பவும் இப்படித்தானா?"

மண்டபம் சிரித்தது. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். எங்கள் பயிற்சியாளர் மட்டும் கைதட்டினார். இப்படிக் கோபம் வருகிற பிள்ளைதான் முன்னுக்கு வரும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குக் காது சுட்டது. அவளுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது.

அந்த செட்டை எங்கள் பெண் எடுத்தாள். மூன்றாவதில் செமினிப் பெண் இருபது, எங்கள் பெண் பத்தொன்பது. செமினிப் பெண் ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி. எங்கள் பெண் பந்தை உயரத் தூக்கி அடித்தாள். செமினிப் பெண் பின்னால் ஓடி வந்து, அண்ணாந்து பார்த்து, தொடாமல் ஒதுங்கிவிட்டாள். பந்து கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி விழுந்தது. யாரும் மறைக்கவில்லை. தெளிவாகப் பார்த்தேன்.

வலைக்கு அந்தப் பக்கம் எங்கள் பெண் மட்டையை இறுக்கிப் பிடித்தபடி என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். மண்டபமே என் பக்கம் திரும்பியது. என் கைகள் எழுந்தன. ஆனால் விரியவில்லை. போய்க் கண்ணைப் பொத்திக்கொண்டன.

தனக்கும் சரியாகத் தெரியவில்லை என்று நடுவர் அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார். செமினிப் பெண் மறுக்காமல் தன் இடத்துக்குத் திரும்பினாள். வரிசையாக மூன்று புள்ளிகளும் எங்கள் பெண்ணுக்குப் போயின. அதோடு ஆட்டம் முடிந்தது.

செமினிப் பெண் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னிடமும் வந்தாள்.

"சாரி அங்கிள். நான்தான் மறைச்சிட்டேன் போல."

அவள் கை வியர்த்திருந்தது. இல்லைம்மா, பார்த்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை அவள் மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் எங்கள் பெண் வேனில் முன் சீட்டில் ஏறினாள். வேறு யாரும் இன்னும் வரவில்லை.

"அது அவுட்தான் அங்கிள், எனக்கே தெரியும். நீங்க நம்ம ஆளு லா."

அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகவே நன்றி சொன்னாள். மட்டையை வீசியபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. பெல்ட் போடச் சொன்னேன். அதற்கு மட்டும் குரல் வந்தது.

மற்றவர்கள் ஏறியதும் புறப்பட்டோம். வாசல் பேருந்து நிறுத்தத்தில் செமினிப் பெண் பையோடு நின்றாள். போட்டி அதிகாரிகள் அப்போதும் மண்டபத்தில்தான் இருந்தார்கள். என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். நானும் அசைத்துவிட்டு வண்டியைச் சாலையில் திருப்பினேன்.