தொட்டுவிட்டுப் போகும் ஊர்

சித்தப்பா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய வலது ஆள்காட்டி விரல்தான். லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் சித்தி தேத்தண்ணியை ஊற்றி வைப்பார். சித்தப்பா வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பார். குடிக்க நேரம் இருக்காது. ஆனாலும் அப்படியே போய்விடமாட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, விரல் நுனியைக் கோப்பைக்குள் தொட்டு உதட்டில் வைத்துவிட்டுத்தான் காலில் சப்பாத்தைப் போடுவார். "விரல் வைச்ச தேத்தண்ணியை இனி ஆர் குடிக்கிறது?" என்று கத்திக்கொண்டு சித்தி அதைச் சிங்குக்குள் கொட்டுவார். விழா வீடுகளிலும் இதே கூத்துத்தான். ரெய்னர்ஸ் லேனில் ஒரு பிறந்தநாளில், வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு யாரோ கேக்கை நீட்ட, மனிதர் அதன் ஐசிங்கில் விரலை வைத்து நக்கிவிட்டு "போதும், தாங்ஸ்" என்றார். எனக்கு மானம் போயிற்று.

எண்பதுகளின் நடுவில் நான் தனியாக லண்டன் வந்து சேர்ந்தபோது எனக்கென்று இருந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஓர் அறையைத் தந்தார்கள். சித்தப்பா ஊரில் சேர்வேயர். எழுபதுகளில் ஒரு மரக் கம்பனியின் ஒப்பந்தத்தில் இந்தோனேசியாவுக்குப் போய், கலிமந்தான் காட்டுக்குள் றோட்டுப் போட நிலம் அளந்தவர். இங்கே பெற்றோல் ஸ்டேசனில் கண்ணாடிக்குப் பின்னால் காசு வாங்கிக்கொண்டு இருந்தார். நாலு தமிழர் கூடினால் என்ன பேசுவோம்? எந்த ஒழுங்கையில் ஷெல் விழுந்தது, யார் வீட்டுப் பிள்ளையைக் காணவில்லை, இதுதான். ஊரில் சித்தப்பாவின் சொந்த வீடே எரிந்து கூரையில்லாமல் நின்றது. அவரோ அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். தன் காட்டுக் கிராமத்தைப் பற்றித்தான் பேசுவார். ஊரான் காட்டுக்கு இவர் என்ன காவலோ என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆனால் கேட்டுக் கேட்டு அந்த ஊர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆற்றில் தோணியில் நாள்கணக்காக மேலே போகவேண்டுமாம். தூண்களின்மேல் ஒரே நீள வீடு. அதற்குள் ஊர் முழுவதும். முன்னால் எல்லாருக்கும் பொதுவான நீண்ட விறாந்தை, பின்னால் குடும்பத்துக்கொரு கதவு. மத்தியானத்தில் நெல் குற்றும் சத்தத்தையும் நாய்கள் கொட்டாவி விடுவதையும் தவிர வேறொன்றும் கேட்காதாம். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு பழத்தோப்பு. ஒவ்வொரு டுரியான் மரத்துக்கும் அதை நட்ட பாட்டனின் பெயர். அந்தப் பாட்டன்மார் அங்கேயேதான் புதைந்து கிடந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டை நீட்டினால் சாப்பிடவேண்டும். ஏலாவிட்டால் தொட்டாவது உதட்டில் வைக்கவேண்டும். தொடாமல், மனதில் ஆசையோடு வெளிக்கிட்டால் வழியில் பாம்பு கடிக்கும், தோணி கவிழும். ஆகவே விருந்தாளியைத் தொடவைப்பது வீட்டுக்காரரின் கடமை. ஒருமுறை சித்தப்பா அவசரமாகத் தோணியில் ஏறிவிட, ஊர்த்தலைவரின் மனைவி கையில் சோற்று உருண்டையோடு சேற்றில் வழுக்கி வழுக்கி ஆற்றங்கரைக்கு ஓடிவந்தாராம். "என்ரை அம்மா கூட எனக்குப் பின்னாலை அப்பிடி ஓடிவரேல்லை" என்பார். அந்த ஊருக்குத் திரும்ப ஒருதரம் போய், அந்த வீட்டில் ஒரு வாய் சோறு தின்றுவிட்டு வரவேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை.

அது வெறும் ஆசையில்லை என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டை வாடகைக்குத் தந்த கவுன்சில்காரர்கள் எங்கள் முன்கதவை மாற்றினார்கள். புதுக்கதவு சிவந்த மரத்தில் அழகாக இருந்தது. சித்தப்பா அதைத் தடவிப் பார்த்தார், மணந்து பார்த்தார், பிறகு படியில் குந்தி இருந்துவிட்டார். இது அங்கத்தை மரம், அந்தக் காட்டு மரம் என்றார். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் அவரைத் தோப்புக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு மரமாகக் காட்டியிருக்கிறார். இந்தப் பக்கம் றோட்டு வராது என்று சித்தப்பா அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே வாக்குக் கொடுத்திருக்கிறார். வாக்கைக் காப்பாற்றத்தான் தோப்பின் எல்லையை அங்குலம் பிசகாமல் அளந்து வரைபடத்தில் போட்டார். கம்பனிக்காரன் அந்தப் படத்தைப் பார்த்தான். வெள்ளம் ஏறாத சமமான மேடு. றோட்டுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? புல்டோசர் நேரே அதற்குள் போனது. விட்டுவிடு என்று காட்டியதையே வெட்டு என்று காட்டியதாக எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிய, சித்தப்பா ஊருக்குள் போய் முகம் கொடுக்காமல் விமானம் ஏறிவிட்டார்.

சித்தி மனம் இளகவில்லை. "எங்கடை வீட்டை எரிச்சவங்கள் ஆரும் வந்து எங்களிட்டை மன்னிப்புக் கேட்டவங்களோ?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் வரேல்லை," என்றார் சித்தப்பா. "அதுதான் நான் போறன்."

போனார். வழியெல்லாம் புண்ணாகிய மனதோடு போய், அதைவிடப் பெரிய புண்ணோடு வந்தார். தோணி தேவைப்படவில்லையாம். அவர் அளந்த றோட்டிலேயே லொறி கொண்டுபோய் இறக்கியதாம். நீள வீடு இல்லை. றோட்டோரம் வரிசையாகத் தகரக் கொட்டில்கள். மேட்டில் புல்லும் அடிக்கட்டைகளும். தலைவர் உயிரோடு இருந்தார். சித்தப்பாவை அடையாளமும் கண்டார். எதிரே பாயில் இருந்து, சித்தப்பா சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டுத் தலையாட்டினார்.

"உள்ளுக்குச் சோறு வேகிற மணம் வந்தது," என்றார் சித்தப்பா. "அந்த மனுசி எல்லாருக்கும் போட்டா. பேரப்பிள்ளையள் எனக்கு முன்னாலை இருந்து சாப்பிட்டுதுகள். எனக்கு மட்டும் ஒருத்தரும் நீட்டேல்லை. பேசியிருக்கலாம், அடிச்சிருக்கலாம். லொறிக்காரன் கூப்பிட்டான், எழும்பினன். றோட்டுவரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தன். ஒருத்தரும் ஓடிவரேல்லை."

எனக்கு அந்த ஊர்மேல் ஆத்திரம் வந்தது. கிழவன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான், ஒரு பிடி சோற்றில் என்ன குறைந்துவிடும் என்று பொருமினேன். பிறகு யோசித்தேன். எங்கள் வீட்டை எரித்தவன் ஒருவன் வந்து எங்கள் முற்றத்தில் அழுதால் நான் அவனுக்குப் பிட்டு அவித்துக் கொடுப்பேனா? மாட்டேன். அந்த விடை என் ஆத்திரத்தை ஆற்றவில்லை. யார்மேல் அதைக் காட்டுவது என்று தெரியாமல் செய்துவிட்டது. கம்பனிக்காரன்மேல் காட்டலாம் என்றால் அவனுக்கு எங்களுக்குத் தெரிந்த முகமே இல்லை.

அதன்பிறகு சித்தப்பா எதையும் தொடவில்லை. பசித்தால் சாப்பிடுவார். வேண்டாமென்றால் கையை அசைத்துவிட்டு நேரே வெளியே போய்விடுவார். கிராமக் கதையும் நின்றுபோயிற்று. ஒரு மாரிகாலக் காலையில் சித்தி ஊற்றி வைத்த தேத்தண்ணியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனவர், பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே முடிந்துவிட்டது. செத்த வீட்டில் சித்தி திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லி அழுதார்: "நானெண்டாலும் கோப்பையோடை பின்னாலை ஓடியிருக்கலாமே."

செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். நடுவில் ஒரு கோப்பை தேத்தண்ணி. செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். திறந்ததும் சித்தி கறிகளைப் பார்க்கவில்லை. நேரே கோப்பைக்கு மேல் குனிந்தார். ஆறிப்போன தேத்தண்ணியில் மெல்லிய ஆடை, ஒரு கீறலும் இல்லாமல் படர்ந்திருந்தது.

"அந்தாள் தொடேல்லையடி," என்றார்.

சித்திக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, அதே வீட்டில் என்னோடுதான் இருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணி வேண்டாமென்று எழும்பினால், கோப்பையோடு தள்ளாடிப் போய் அந்தச் சிவந்த கதவுக்குக் குறுக்கே நிற்பார். "குடிக்காட்டிப் பரவாயில்லை. தொட்டிட்டுப் போங்கோ." இளசுகள் சிரித்துக்கொண்டே விரலை விட்டு உதட்டில் வைத்துவிட்டுப் போகும். கதவைச் சாத்திவிட்டு சித்தி குசினிக்கு வருவார். விரல் வைத்த அந்தத் தேத்தண்ணியை அவர் இப்போது கொட்டுவதில்லை. மேசையில் இருந்து, கடைசிச் சொட்டுவரை தானே குடிக்கிறார்.