மீனாட்சிபுரத்தில் ஒரு பாலக்காட்டுக் கடைத்தெரு

பாலக்காடு நகரத்துப் பழைய கடைமுகப்புகளை ஓர் ஓவியர் அசல் அளவிலேயே வரைந்து வைத்திருக்கிறார் என்று நண்பர் சொன்னதுதான் காரணம். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, பொள்ளாச்சியில் பேருந்து ஏறினேன். அரை மணி நேரத்தில் மீனாட்சிபுரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். ஓட்டுநர் கண்காட்சியை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்துவிட்டாராம்.

கண்காட்சி நடந்தது, இப்போது பயன்பாட்டில் இல்லாத ஒரு பால் சேகரிப்புக் கூடத்தில். உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இருபுறமும் கூரையிலிருந்து தரைவரை தொங்கிய துணிகளில் ஒரு கடைத்தெரு முழுவதும் விரிந்திருந்தது. மருந்துக்கடை, இரும்புக்கடை, தமிழும் மலையாளமும் கலந்த பெயர்ப்பலகைகள். பாத்திரக்கடையின் செப்புக்குடத்தில் எதிர்க்கடை மங்கலாகத் தெரிந்தது. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிவிட்டேன். (தொடக்கூடாது. நீங்களும்தான்.)

வரைந்தவர் கலைவாணி. புத்தகங்களுக்குப் படம் போடுபவர். சிறுவயதில் பாலக்காட்டில் வளர்ந்தவர். அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது வேட்டி கட்டிய ஒரு பெரியவர் கடைசிப் படத்தின் முன்னால் அசையாமல் நிற்பதைக் கவனித்தோம். அது ஒரு ரேடியோ கடை. பலகையில் 'பழனி ஹனீபா ரேடியோஸ்' என்றிருந்தது.

அவர்தான் பழனிச்சாமி. ரேடியோ ஓய்ந்தபின் டிவி விற்பதா, செல்போன் விற்பதா என்று கூட்டாளிகள் இருவருக்கும் தகராறு வந்து, கடையைக் கலைத்துவிட்டு, பேச்சையே நிறுத்திக்கொண்டார்களாம். பன்னிரண்டு வருடமாகிறது.

"அந்த ரெண்டாவது பேர அழிச்சுப்போடு அம்மிணி" என்றார்.

கலைவாணியின் முகம் வெளுத்தது. ஆனாலும் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "எங்கப்பாகூட ரேடியோ ரிப்பேருக்கு வரும்போது உங்க ரெண்டு பேரையும் சேத்துத்தானுங்க பாத்திருக்கறேன். ஒருத்தர எடுத்துட்டா அது நான் பாத்த கடையே இல்லீங்க."

பெரியவர் படத்துக்கு இன்னும் கிட்டே போனார். கல்லாவுக்குப் பின்னால் திறந்து கிடந்த ரேடியோ ஒன்றின் மேல் இரண்டு தலைகள் குனிந்திருந்தன. முகங்கள் தெரியவில்லை, ஒருவர் டார்ச் பிடிக்க, மற்றவர் வேலை செய்துகொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், வெளியே போய் போனை எடுத்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

நான் திரும்பும் பேருந்தை விட்டுவிட்டேன். மனம் வரவில்லை.

மூன்றரை மணிபோல, பாலக்காட்டிலிருந்து ஹனீபா வந்து சேர்ந்தார். தொப்பி, கையில் மடக்கிய குடை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் படத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"கண் ஆபரேசன் பண்ணுனதாச் சொன்னாங்க. இப்பத் தெரியுதா?" என்று கேட்டார் ஹனீபா.

"தெரியுது."

கலைவாணி இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார்.

எத்தனையோ ஓவியக் கூடங்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு படம் மனிதரை இவ்வளவு தூரம் வரவழைத்து அன்றுதான் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் கிடையாது. மதிய வெயிலில் தகரக்கூரை கொதிக்கும், காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். கடைசிப் படத்தின் முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தால், அவர்கள் எழுந்திருக்கும்வரை காத்திருங்கள்.